நடக்கக்கூடிய நல்லதை நெருங்கிப் பார்ப்பது

கவலைப்படுகிறவருக்குக் கற்பனை போதாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இரவு பத்து மணிக்குப் படுத்தவர் மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு கூரைத் தகரத்தைப் பார்த்தபடி கிடக்கும்போது மனசு எத்தனை படம் ஓட்டுகிறது! ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பிரித்தால் உள்ளே கெட்ட சேதி. மானேஜர் கூப்பிட்டு வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். எஸ்.பி.எம். முடிவு வாங்கப் போன பையன் இருட்டிய பிறகும் வீடு திரும்பவில்லை. ஆள், இடம், பேச்சு எதிலும் குறை இருக்காது. மானேஜர் மேசையில் கிடக்கும் பேனாவின் நிறம்கூடத் தெரியும். கெட்டதை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கத் தெரிந்த மனசை, நல்லதையும் அதே துல்லியத்தோடு பார்க்கப் பழக்கலாம். அதற்கான வழிதான் இந்த அத்தியாயம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இருப்பவர்கள் வீணாகப் பயப்படுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு. அறுபது வயதில் ஓய்வு என்றால், அறுபதாவது பிறந்தநாள் நெருங்க நெருங்க வீட்டுச் சாவி கையில் கனக்கத்தான் செய்யும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். சிரம்பானைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லாபு பக்கம் கேட்டுப் பாருங்கள். 2016 கடைசியில் மலேசியாவும் சிங்கப்பூரும் அதிவேக ரயில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சிரம்பானுக்கான நிலையம் லாபுவில்தான் வருவதாகத் திட்டம். நிலையம் என்றால் நிலம் போகும், நிலம் போனால் லயம் போகும் என்று கணக்குப் போட ஒருவர் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரி முதல் தேதி அந்தத் திட்டத்தையே கைவிட்டதாக இரு அரசாங்கங்களும் அறிவித்தன. ரயில் வரவில்லை, ஆனால் அதை நினைத்துப் போன தூக்கம் போனதுதான். மலேசியா விஷன் வேலி என்ற பெரிய திட்டம் வேறு சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆக, பயத்துக்குக் காரணம் உண்டு. பயம் ஓட்டிக் காட்டுகிற கடைசிக் காட்சிதான் பெரும்பாலும் தப்பு.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. தீராக் கவலை நோய் உள்ள 29 பேரிடம் பத்து நாள் தங்கள் கவலைகளை எழுதச் சொல்லி, அவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு மாதம் பார்த்தார்கள். நூற்றுக்கு 91 கவலைகள் நடக்கவே இல்லை. அமெரிக்காவில் இருக்கும் அந்த 29 பேரும் லயத்தில் குடியிருப்பவர்கள் அல்லர் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் கவலைகளில் பலிப்பவை இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம். அப்படி இருந்தாலும் மூன்று மணிக்கு ஓடும் படங்களில் பெரும்பாலானவை திரைக்கு வராதவை.

இந்த அத்தியாயத்துக்கு நேரடியாக உதவுவது இன்னொரு ஆய்வு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் நடந்தது, 2016-இல் வெளிவந்தது. அதே கவலை நோய் உள்ள 102 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். கவலை வந்தால் அது நல்லபடி முடிவதாக மனக்கண்ணில் பார்க்க வேண்டும் என்று ஒரு பிரிவுக்குச் சொல்லப்பட்டது. நல்லபடி முடிவதை வார்த்தையாகச் சொல்லிப் பார்ப்பது இரண்டாம் பிரிவின் வேலை. மூன்றாம் பிரிவினர் கவலைக்குச் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு நல்ல காட்சியை நினைத்தால் போதும். மூன்று பிரிவுக்கும் கவலை குறைந்தது, ஏறத்தாழ ஒரே அளவுக்கு. நமக்கு இது பெரிய ஆறுதல். நல்ல முடிவு எதுவுமே தோன்றாத இரவில், ஞாயிற்றுக்கிழமை தெலுக் கெமாங் கடற்கரையில் பேரப்பிள்ளைகள் மணலில் உருள்வதை நினைத்தாலும் பலன் உண்டு என்றுதானே அர்த்தம்.

சரி, செய்வது எப்படி? ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்த்தால் புரியும்.

ரந்தாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேலை செய்யும் அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தொன்பது. உரம் போடுவார், உதிரிப் பழம் பொறுக்குவார். கணவர் இல்லை, மகள் நீலாயில் ஃபேக்டரியில் வேலை செய்கிறாள். அம்மாவுக்கு ஒரே பயம்தான்: அடுத்த வருடம் ஓய்வு, வீட்டை விடச் சொல்வார்கள், மகளின் ஓர் அறை வீட்டில் இடமில்லை, சாமான்களெல்லாம் வாசலில் கிடக்கும். அந்த வாசல் காட்சிதான் அவருக்குத் தினமும் வருகிறது.

இவர் மாலையில் குளித்து, விளக்கேற்றி முடித்ததும் சுவரில் சாய்ந்து உட்காரலாம். அந்த நேரம் நல்லது. உடம்பு ஓய்ந்திருக்கும், சாமி கும்பிட்ட மனசு கொஞ்சம் அடங்கியிருக்கும். மூச்சைச் சில தடவை மெதுவாக வெளியே விட்டால் போதும், யோகாசனம் எதுவும் வேண்டாம். பிறகு கண்ணை மூடி, ஓய்வு பெற்று ஆறு மாதம் கழித்து ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைப் பார்க்க வேண்டும். பங்களா வேண்டாம். ரந்தாவ் டவுனில் இரண்டு அறை வாடகை வீடு. சமையல்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம்? அதில் வெயில் விழுகிறதா? அடுப்புக்கு மேலே எந்தத் தட்டில் பழைய இட்லிக் கொப்பரை இருக்கிறது? தோட்டத்திலிருந்து பெயிண்ட் டின்னோடு தூக்கி வந்த கற்பூரவல்லி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அதே தோட்டத்தில் முன்பு ஐந்து கதவு தள்ளிக் குடியிருந்த அக்கா வாசலில் நின்று, “என்னக்கா, சாயா போட்டாச்சா?” என்கிறார். அந்தக் குரல் காதில் விழ வேண்டும். தரை கால்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அம்மா அங்கே கவலையே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. வாடகை கட்டும் தேதி நினைவுக்கு வந்தால் வரட்டும். வாழ்க்கை நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

ஐந்து நிமிடம் போதுமானது. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிஹ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தங்கள் சிறந்த எதிர்காலத்தை ஐந்து நிமிடம் நாள்தோறும் மனக்கண்ணில் பார்க்கச் சொல்லி இரண்டு வாரத்தில் நம்பிக்கை கூடியதைக் கண்டார்கள். 2011-இல் அது வெளியானது. பலர் இதை ஒருநாள் செய்துவிட்டு, “ஒன்னும் வேலைக்கு ஆவல” என்று விட்டுவிடுகிறார்கள். கெட்ட படம் எத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது! புதுப் படத்துக்கு இரண்டு வாரமாவது கொடுக்க வேண்டாமா?

மனசு நடுவிலேயே வாசல் காட்சிக்கு ஓடிப்போகும். ஓடட்டும். திட்டிக்கொண்டு இழுத்து வரத் தேவையில்லை. “அது ஒரு முடிவு, இது இன்னொரு முடிவு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கற்பூரவல்லியிடம் திரும்பி வந்தால் சரி.

இப்போது எச்சரிக்கைக்கு வருகிறேன். பெரும்பாலான தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன என்பதால் நான் கொஞ்சம் அதிகம் பேசப் போகிறேன்.

நல்ல எதிர்காலத்தைக் கற்பனை செய்வது தோட்டத்தில் புதிதல்ல. நாலு நம்பர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் குலுக்கல் நாளன்று மாலைவரை அதைத்தான் செய்கிறார். முதல் பரிசு விழுந்தது, கடன் அடைந்தது, சிரம்பானில் வீடு, மகளுக்குக் கல்யாணம், ஊருக்கு ஒரு பயணம், பழனி மொட்டை. படம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் அவர் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை; அதனால்தான் முடிவு வந்த இரவு பழைய பயம் இன்னும் கனமாக வந்து உட்காருகிறது. “நல்லதே நினை, நல்லதே நடக்கும்” என்ற பேச்சும் அரைப் பங்குதான் உண்மை.

ஜெர்மனியில் பிறந்த கேப்ரியல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதையே தம் ஆராய்ச்சியாகக் கொண்டவர். 1991-இல் வெளியான அவருடைய ஆய்வில், உடல் எடை குறைக்க வந்த பெண்களில் மெலிந்துவிட்டதாக இனிக்க இனிக்கக் கனவு கண்டவர்கள்தான் குறைவாக எடை இழந்தார்கள். காரணத்தைப் பின்னர் சக ஆய்வாளரோடு சேர்ந்து தேடினார். இனிய கனவு உடம்பைத் தளர்த்திவிடுகிறது. காரியம் முடிந்துவிட்டதாக உடம்பு நம்பி, முயற்சிக்கான சுறுசுறுப்பை விட்டுவிடுகிறது. இந்தத் தளர்ச்சி கவலைக்காரருக்குப் படுக்கும் நேரத்தில் ஒரு வரம். வேலை நடக்க வேண்டிய இடத்திலோ அதுவே சாபம். ஆகவே நல்ல காட்சியைப் பார்த்த கையோடு, அதற்கு முன்னால் நிற்கும் தடையையும் பார்க்க வேண்டும் என்கிறார் அவர். பிறகு தடைக்கு ஒரு பதில்: இப்படி நடந்தால், இதைச் செய்வேன்.

நம் அம்மாவுக்கு வருவோம். செவ்வாய்க்கிழமை காட்சி பார்த்தாயிற்று. வழியில் நிற்பது எது? சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது, கேட்கப் பயம். அதற்கு அடுத்த காட்சியைப் பார்க்கலாம்: சிரம்பான் இ.பி.எஃப். அலுவலகம், எண் சீட்டு எடுக்கும் இயந்திரம், குளிர்சாதனம், கையில் ஐ.சி. மகள் போனில், “மா, சனிக்கிழம எனக்கு லீவு, உங்களுக்கும் போன்லயே கணக்குப் பாக்குற மாதிரி செஞ்சு தரேன், அதுக்கு முன்னாடி ஒருநாள் லீவு போட்டு ஆபீசுல போய்க் கேட்டுட்டு வந்துருவோம்” என்கிறாள். சொக்சோ, கூட்டுறவுச் சேமிப்பு, சங்க உறுப்பினர் அட்டை என்று பழைய பிஸ்கட் டின்னில் இருக்கும் தாள்களை வரிசையாக அடுக்குவதையும் பார்க்கலாம். இரண்டாவது தடை, மானேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டு ஏதாவது தாளில் கையெழுத்துக் கேட்பது. பதில் தயாராக இருக்கட்டும்: “கையெழுத்துக் கேட்டால், ஒரு பிரதி கொடுங்கள், மகளிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்பேன்.” இந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று உரக்கச் சொல்லிப் பழகலாம், மலாயிலும் ஒருமுறை. தொழிற்சங்கப் பொறுப்பாளரையோ தொழிலாளர் துறை அலுவலகத்தையோ கேட்க நேரமும் கிடைக்கும். பயம் குறைவது இப்படித் தயாரான வாக்கியத்தால்தான் என்பது என் அனுபவம்; காட்சியின் அழகால் மட்டும் குறைந்து நான் பார்த்ததில்லை.

தோட்டத் தமிழர் வரலாற்றில் இதை ஊர் அளவில் செய்து காட்டியவர் ஒருவர் உண்டு. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு போனார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்து நின்றன. துண்டாடல் என்ற சொல்லைக் கேட்டாலே அன்றைய லயங்களில் உறக்கம் போயிற்று. துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். இந்தத் தோட்டம் உங்களுடையதாகும் என்று பால்வெட்டும் தொழிலாளியை நினைத்துப் பார்க்க வைத்தது பாதி வேலை. அந்த நினைப்புக்குப் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டும் பங்குப் பணத்தை முடிச்சுப் போட்டது மீதிப் பாதி. கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தபோது, பார்த்த காட்சி நிலமாகியிருந்தது. வெறும் மேடைப்பேச்சாக விட்டிருந்தால் கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்திருக்கும். பங்குப் பணம் கட்டியவர் அன்றிரவு கொஞ்சமாவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு வருவோம். எஸ்.பி.எம். எழுதும் பிள்ளையிடம், “பத்து ஏ வாங்கின மாதிரி நினைச்சுக்கோ” என்று சொல்வது பெற்றோர் வழக்கம், டியூஷன் ஆசிரியர்களும் சொல்கிறார்கள். இதை நிறுத்திவிடுவது நல்லது. 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவர்களில் ஒரு பகுதியினர் நல்ல மதிப்பெண் பலகையில் ஒட்டியிருப்பதைக் கற்பனை செய்தார்கள். இன்னொரு பகுதியினர் தாங்கள் உட்கார்ந்து படிப்பதைக் கற்பனை செய்தார்கள். படிப்பதைப் பார்த்தவர்கள்தான் அதிக நேரம் படித்தார்கள், மதிப்பெண்ணும் கூட வாங்கினார்கள், பதற்றமும் குறைந்தது.

செஜாரா (வரலாறு) பாடத்தில் தேறாவிட்டால் சான்றிதழே இல்லை என்பது 2013 முதல் நடைமுறை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வயிற்றைக் கலக்குவது அந்தத் தாள்தான். பிள்ளை பார்க்க வேண்டிய காட்சி இது: இரவு எட்டரை, காற்றாடி சுற்றுகிறது, கைப்பேசி அம்மாவிடம் இருக்கிறது. நாலாம் படிவப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் திறந்திருக்கிறது. முதல் பக்கம் மண்டையில் ஏறவில்லை. எழுந்து போகத் தோன்றுகிறது. போகாமல் தலைப்புகளை மட்டும் தாளில் எழுதுகிறேன். பிறகு தேர்வு மண்டபம். முதல் கேள்விக்கு விடை தெரியவில்லை, உள்ளங்கை வேர்க்கிறது. பேனாவைக் கீழே வைத்து, மூச்சை விட்டு, மூன்றாம் கேள்விக்குப் போகிறேன், அது தெரிகிறது. கவனியுங்கள், இந்தக் காட்சியில் தடுமாற்றம் இருக்கிறது. தடுமாறி மீள்வதைப் பார்த்து வைத்த பிள்ளை நிஜத்தில் தடுமாறும்போது மிரளாது.

மருத்துவப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பவர்களுக்கு இது கொஞ்சம் மாறும். முடிவு நம் கையில் இல்லை. “ஒன்றுமில்லை” என்று டாக்டர் சொல்வதாகவே தினமும் பார்த்துவிட்டு, அன்று வேறு சொன்னால் அடி பலமாக விழும். அதனால் டாக்டரின் சொல்லை விட்டுவிடலாம். சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்குத் தம்பியோடு போவது, எழுதி வைத்த கேள்விகளைக் கேட்பது, திரும்பும் வழியில் கடையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவது, இதைப் பார்க்கலாம். எந்தப் பதில் வந்தாலும் தம்பி கூட இருப்பான், தோசை கிடைக்கும்.

கண்ணை மூடினால் இருட்டுதான் வருகிறது, படமே வரவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. மனக்கண்ணே இல்லாத இயல்பு சிலருக்கு உண்டு என்பதை ஆடம் ஸீமன் என்ற நரம்பியல் மருத்துவர் 2015-இல் பெயரிட்டு எழுதினார். லண்டன் ஆய்வில் வார்த்தையால் செய்தவர்களுக்கும் பலன் கிடைத்ததே. பேத்தியிடம் கதை சொல்வதாக நினைத்து நல்ல முடிவைச் சொல்லலாம். அல்லது மணம், தொடுகை வழியே போகலாம்: பாலில் ஊறிய கைகளின் வாடை, விடிகாலை மரத்தடியின் ஈரம், பிரட்டுக் களத்தில் வாங்கிக் குடித்த சூடான காப்பி. பழைய பால்வெட்டும் தொழிலாளிகளுக்குக் கண்ணைவிடக் கைதான் நன்றாக நினைவு வைத்திருக்கிறது.

இரண்டு வாரம் செய்தும் தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் இந்தப் புத்தகத்தை மூடிவிட்டு அரசு கிளினிக்குக்குப் போக வேண்டும். காட்சி பார்க்க உட்கார்ந்தாலே பழைய விபத்தோ அடி உதையோ கண்முன் வருகிறவர்கள் இதைத் தனியாகச் செய்யவே வேண்டாம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. மனநலப் பரிசோதனையில் ஏழு கேள்வி கொண்ட தாள் ஒன்று கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்கும். பத்துப் புள்ளியோ அதற்கு மேலோ வந்தால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. டாக்டர் இன்னும் விசாரிப்பார், அவ்வளவுதான். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டில் ஏறக்குறைய பத்து லட்சம் பேருக்கு மனச்சோர்வு இருப்பது தெரியவந்தது. கிளினிக்கில் உங்கள் முகம் முதல் முகமாக இருக்காது. உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு வந்தால் காத்திருக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு, சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கு அழைக்கவும். அவசரம் என்றால் 999. கிளினிக்குக்குப் போகும்போது ஐ.சி.யையும், இனிப்புநீருக்கோ இரத்த அழுத்தத்துக்கோ சாப்பிடும் மாத்திரைப் பட்டைகளையும் எடுத்துப் போகவும். மலாயில் சொல்ல வராது என்றால் தமிழ் தெரிந்த நர்ஸ் யாராவது இருக்கிறார்களா என்று பதிவு முகப்பிலேயே கேட்டுவிடலாம்.